கருத்துக்கேட்பு கூட்டத்துக்கு போறதா, புறக்கணிக்கிறதா?

இந்த வாரம் வந்த கடிதம் ஆறு பக்கம், முழுசா போட முடியல, சுருக்கமா சொல்லிடறேன். எழுதினவருக்கு 27 வயசு, தமிழ்நாட்டு கிழக்கு கடற்கரைல ஒரு மீனவ கிராமம், ஊர் பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார். வீட்டுல முதல் பட்டதாரி, பக்கத்து டவுன்ல வேலை, அப்பா ஃபைபர் போட்ல தொழிலுக்கு போறவர், அம்மா கூடைல மீன் விக்கிறவங்க. ஊர்ல சுமார் 300 குடும்பம். ஊருக்கு தெக்க ஒரு பெரிய தனியார் துறைமுகமும் அத ஒட்டி தொழிற்பேட்டையும் வரப்போகுதாம், ஒரு வருஷமா டிரோன் விடறாங்க, கல்லு நடறாங்க, யாரு என்னன்னு கேட்டா பதில் இல்ல. இப்ப பேப்பர்ல விளம்பரம் வந்திருக்கு, மாசு கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்பு கூட்டம் நடத்தப்போகுதுன்னு, இவர் அத பாத்தப்ப கூட்டத்துக்கு 26 நாள்தான் பாக்கி.

ஊர் ரெண்டா நிக்குது. பெரியவங்க பாதி பேர் கூட்டத்தையே புறக்கணிச்சிடலாம், ஆளே வரலன்னா திட்டம் நின்னுடும்னு சொல்றாங்க. மீதி பேர் எப்படியும் வரத்தான் போகுது, வீட்டுக்கு ஒரு வேலையும் நல்ல காசும் பேசி வாங்கிடலாம்னு சொல்றாங்க. நடுவுல ஒருத்தர் வீடு வீடா வந்து ஆதார் நகல் வாங்கிட்டு வெத்து தாள்ல கையெழுத்து கேக்கறாராம். இவரோட நம்பிக்கை எல்லாம் கிராம சபை தீர்மானத்து மேல. கடைசில கேட்டிருக்கிற கேள்வி இது: "எங்க யாருக்கும் கடற்கரைல பட்டா கிடையாது. பட்டா இல்லாதவன் எந்த உரிமைல பேசறது?"

தம்பி, கடைசி கேள்விலேருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுதான் உங்கள தூங்க விடாம பண்ணுதுன்னு எழுத்துலயே தெரியுது. கடலுக்கு யாரும் பட்டா போட முடியாது. படகு ஏத்தி வைக்கிற மணல், வலை பின்ற நிழல், கருவாடு காயவைக்கிற தரை இதெல்லாம் ரெவின்யூ கணக்குல புறம்போக்குன்னுதான் இருக்கும், அதுக்காக அது யாருமே இல்லாத காலி இடம்னு ஆயிடாது. 2011லயும் 2019லயும் மத்திய அரசு போட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிப்ப எடுத்துப் பாருங்க, நம்ம ஆளுங்க சிஆர்இசட்னு சொல்றது, அதோட முதல் பத்திலயே மீனவ சமுதாயத்தோட வாழ்வாதாரத்த பாதுகாக்கறதும் இதோட நோக்கம்னு எழுதியிருக்கு. அந்த மேப்ல மீனவ கிராமம், பொது இடம், மீன் காயவைக்கிற தளம், படகு நிறுத்தற இடம் எல்லாம் குறிக்கணும்னும் இருக்கு. ஆக உங்க உரிமைக்கு ஆதாரம் பட்டா இல்ல, புழக்கம்தான். அந்த புழக்கத்த காகிதத்துல காட்டணும், அதுலதான் நம்ம மீனவ ஊருங்க திரும்பத் திரும்ப தோத்துப்போறோம்.

கூட்டம் ஓட்டெடுப்பு கிடையாது

இத நல்லா புரிஞ்சுக்கணும். 2006 செப்டம்பர் 14ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படிதான் இந்த கூட்டம் நடக்குது. ஆயிரம் பேர் வந்து வேணாம்னு கை தூக்கினாலும் திட்டம் தானா நிக்காது, பத்தே பேர் வந்தாலும் கூட்டம் செல்லும், இத்தன பேர் வரணும்னு கணக்கே கிடையாதுன்னு அந்த அறிவிக்கைலயே தெளிவா இருக்கு. அதனால யாருமே போகலன்னா கூட்டம் ரத்தாயிடும்கிறது தப்பு நினைப்பு தம்பி, பெரியவங்ககிட்ட மெதுவா எடுத்து சொல்லுங்க. இன்னொன்னு இருக்கு, அதுதான் எனக்கு கவலை. மக்கள் சுதந்திரமா கருத்து சொல்ற நிலைமை அந்த இடத்துல இல்லன்னு ரிப்போர்ட் போச்சுன்னா, கூட்டமே நடத்தாம அடுத்த கட்டத்துக்கு போகலாம்னு முடிவெடுக்கவும் அதுல வழி இருக்கு. நாற்காலி பறந்து மேடை உடைஞ்சா நஷ்டம் யாருக்குன்னு யோசிச்சு பாருங்க.

அப்ப எதுக்குதான் கூட்டம்? பதிவுக்கு. கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் அந்தஸ்துக்கு குறையாத ஒரு அதிகாரியோ தலைமை தாங்கணும், முழுசா வீடியோ எடுக்கணும், முடிவுல யார் யார் என்ன சொன்னாங்கன்னு சுருக்கத்த தமிழ்ல அங்கயே வாசிச்சு காட்டணும், அதுக்கப்புறம்தான் கையெழுத்து. நீங்க சொன்ன ஒவ்வொண்ணுக்கும் கம்பெனி பதில் எழுதி, திட்டத்தால என்ன பாதிப்பு வரும்னு அது தயார் பண்ற தாக்க மதிப்பீட்டு அறிக்கையோட இறுதி வடிவத்துல சேக்கணும், அத நிபுணர் குழு பாக்கணும். வருஷத்துக்கு 50 லட்சம் டன்னும் அதுக்கு மேலயும் சரக்கு கையாளுற துறைமுகம்னா டெல்லில இருக்கிற குழு பாக்கும், கம்மின்னா மாநில அளவுல. அந்த குழுல இருக்கிறவங்க உங்க ஊர கண்ணால பாத்திருக்க வாய்ப்பு கம்மி, அவங்க முன்னாடி இருக்கிறது காகிதம் மட்டும்தான்.

நான் நடத்தின ஒரு வழக்குல நடந்தத சொல்றேன். கூட்டத்துக்கு எக்கச்சக்க கூட்டம், அழுதாங்க, மண்ண வாரி தூத்தினாங்க, ஆனா பதிவுல நின்னது "பொதுமக்கள் எதிர்ப்பு தெரிவித்தனர்"னு ஒத்த வரி. சுற்றுச்சூழல் வழக்க விசாரிக்கிற பசுமை தீர்ப்பாயத்துல அந்த வரிய வச்சுகிட்டு என்னால ஒண்ணும் பண்ண முடியல. அதே ஃபைல்ல நண்டு பிடிக்கிற ஒரு அம்மா யாரையோ விட்டு எழுதி குடுத்த ஒரு பக்க மனு இருந்துச்சு, எந்த மாசம் முகத்துவாரத்துல எந்த பக்கம் நண்டு ஏறும், எத்தன பொம்பளைங்க அத நம்பி இருக்காங்கன்னு. கம்பெனி அறிக்கைல முகத்துவாரம்கிற வார்த்தையே இல்ல. அன்னைக்கு நீதிபதி கேள்வி கேக்க ஆரம்பிச்சதே அந்த ஒத்த பக்கத்த பாத்துதான்.

கிராம சபை, 500 மீட்டர், 80 சதவீதம்

கடிதத்துல நீங்க நம்பி எழுதியிருக்கிற மூணு விஷயத்த கொஞ்சம் திருத்தணும், மனசு விட்டுடாதீங்க.

கிராம சபை தீர்மானம் போட்டா திட்டம் சட்டப்படி செத்துடும்னு நினைக்கிறீங்க. 2013ல ஒடிசாவோட நியம்கிரி மலை சுரங்க வழக்குல கிராம சபைகள் சொன்னதுதான் முடிவா நின்னது, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அங்க இருந்தது வன உரிமைச் சட்டம், பழங்குடி மக்களோட உரிமை. கடற்கரை கிராம சபைக்கு அந்த மாதிரி தடுக்கிற அதிகாரத்த எந்த சட்டமும் இதுவரைக்கும் குடுக்கல. தீர்மானம் போடாதீங்கன்னு சொல்லல, கட்டாயம் போடுங்க, அது நல்ல சாட்சி. ஆனா காரணத்தோட போடுங்க, "எதிர்க்கிறோம்"னு ஒத்த வரில முடிச்சிடாதீங்க.

ரெண்டாவது, கடல்லேருந்து 500 மீட்டருக்குள்ள எதுவும் கட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கேன்னு கேக்கறீங்க. 500 மீட்டர்ங்கிறது கட்டுப்பாடு இருக்கிற பகுதி, மொத்தமா தடை இல்ல. தண்ணி ஓரமாத்தான் இருந்தாகணும்கிற துறைமுகம், ஜெட்டி மாதிரி வேலைக்கு அனுமதி வாங்கிட்டு பண்ணலாம்னு விதிலயே இருக்கு. அதனால "சிஆர்இசட்ல வருது, நிறுத்துங்க"ன்னு மட்டும் சொன்னா நிக்காது. அலையாத்தி காடு, மணல் குன்று, ஆமை முட்டை போடற இடம், பவளம் இதெல்லாம் இருந்தா அது முதல் வகை, அங்க பாதுகாப்பு ரொம்ப கடுமை. உங்க கரைல பங்குனி ஆமை ஏறுதுன்னு போகிற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, கடிதத்துலயே கனமான வரி அதுதான். ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும் எந்த எந்த இடத்துல ஏறுதுன்னு போட்டோ, தேதி இருக்கான்னு தேடுங்க, வனத்துறை கணக்குல இருக்கான்னு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமை சட்டத்துல மனு போடுங்க, 10 ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். கூட்டத்துக்கு முன்னாடி பதில் வராம போகலாம், பின்னாடி வழக்குக்கு உதவும்.

மூணாவது, நிலம் எடுக்க 80 சதவீதம் பேர் சம்மதம் வேணும்னு யாரோ சொன்னதா எழுதியிருக்கீங்க. 2013 நில எடுப்பு சட்டத்துல தனியார் கம்பெனிக்கு எடுக்கும்போது 80, அரசும் தனியாரும் சேந்து பண்றதுக்கு 70 சதவீதம்னு இருக்கிறது வாஸ்தவம். ஆனா தமிழ்நாட்டுல தொழிலுக்கு நிலம் எடுக்க 1997ல போட்ட தனி சட்டம் ஒண்ணு இருக்கு. அதுவழியா எடுத்தா இந்த சம்மதமும் சமூக தாக்க ஆய்வும் கட்டாயமில்ல. 2019ல ஐகோர்ட் அத செல்லாதுன்னு சொன்னது, அரசு மறுபடி சட்டம் போட்டுச்சு, அந்த புது சட்டம் செல்லும்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால எந்த சட்டத்துல எடுக்கறாங்கன்னு மொதல்ல கேளுங்க. மத்திய சட்டத்துல ஒரு நல்ல வரி இருக்கு, நீர்நிலைய நம்பி மூணு வருஷமா பிழைக்கிற மீனவ குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான், சொந்த நிலம் வேணும்னு இல்ல. ஆனா அதுவும் நிலம் எடுக்கும்போதுதான். கடல தூர்த்து கட்டறதுக்கு யார் நிலத்தையும் எடுக்க வேண்டியதில்ல, அங்கதான் மீனவனுக்கு நஷ்ட ஈடு கணக்குலயே வராம போயிடுது. அதனாலயே மீனவர் நலவாரிய அட்டை, சங்க உறுப்பினர் புத்தகம், படகு பதிவு, தடைக்கால நிவாரணம் வந்த பாஸ்புக் பக்கம் எல்லாத்தையும் ஒவ்வொரு வீட்டுலயும் நகல் எடுத்து ஒரே இடத்துல வைங்க.

இந்த 26 நாள்ல என்ன பண்றது

மொதல்ல விளம்பரம் வந்த பேப்பர பத்திரமா எடுத்து வைங்க, தேதி தெரியற மாதிரி முழு பக்கமா. அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவுல குறைஞ்சது 30 நாள் இருக்கணும், ஒரு தேசிய பேப்பர்லயும் ஒரு தமிழ் பேப்பர்லயும் வரணும். நீங்க லேட்டா பாத்தீங்களா இல்ல விளம்பரமே லேட்டாங்கிறத எண்ணி பாருங்க, 30க்கு குறைஞ்சா உடனே கலெக்டருக்கும் வாரியத்துக்கும் பதிவு தபால் போடுங்க.

அடுத்தது அறிக்கை. கலெக்டர் ஆபீஸ், மாவட்ட தொழில் மையம், உள்ளாட்சி ஆபீஸ் இங்கெல்லாம் வரைவு அறிக்கை வச்சிருக்கணும், சுற்றுச்சூழல் அனுமதி ஃபைல் எல்லாம் இருக்கிற மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துலயும் தேடுங்க. தமிழ்ல சுருக்கம் குடுத்தாகணும், முழு அறிக்கையும் தமிழ்ல தரணும்னு விதில இல்ல, ஆனா கேளுங்க, கேட்டோம் தரலன்னு எழுத்துல இருக்கட்டும். முழுசா படிக்க நேரமில்லன்னா மூணு இடம் மட்டும் பாருங்க: மீன்வளம் பத்தின பகுதி, கடற்கரை மாற்றம் பத்தின பகுதி, மேப். மேப்ல உங்க ஊர் இருக்கா, படகு நிறுத்தற இடம் இருக்கா, உயர் அலைக்கோடு, அதாவது கடல் தண்ணி அதிகபட்சமா ஏறி வர்ற எல்லை, எந்த வருஷத்துல யார் போட்டதுன்னு பாருங்க.

மீன்வளத்துல எந்த மாசம் சாம்பிள் எடுத்தாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் மழைக்காலத்த விட்டுட்டு ஒரே ஒரு பருவத்துல எடுத்த கணக்குதான் இருக்கும். வாடைக்காத்து காலத்துல உங்க அப்பா எங்க வலை போடறார், கோடைல எங்க, இறால் எப்ப, பார், அதாவது மீன் கூடற கடலடி பாறைத் திட்டு, எங்க இருக்குன்னு அவருக்கு தெரிஞ்சதுல ஒரு துளி கூட அதுல இருக்காது. ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவோடயும் இன்னும் ரெண்டு மூணு பெரியவங்களோடயும் படகுல போங்க, போன்ல லொகேஷன் போட்டு ஒவ்வொரு பாரையும், முகத்துவாரத்தையும், மீன் குஞ்சு பெருகற இடத்தையும் குறிச்சுட்டு வாங்க. அவங்க சொல்ற பேரிலேயே எழுதுங்க, மாத்தாதீங்க.

கடற்கரை மாற்றம் பத்தி கட்டாயம் கேளுங்க, நீங்க துறைமுகத்துக்கு வடக்க இருக்கீங்க. நம்ம கிழக்கு கரைல மணல் வருஷத்துல மொத்தமா கூட்டிக் கழிச்சா தெக்கேருந்து வடக்க நகருது. குறுக்க கல் சுவர் போட்டா தெக்க மணல் சேரும், வடக்க கரை அரிக்கும். சென்னை துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமாச்சு, வடக்க ராயபுரம் திருவொற்றியூர் பக்கம் கரை போச்சு, கல்லு கொட்டி கொட்டித்தான் நிறுத்தி வச்சிருக்காங்க. 1980கள்ல புதுச்சேரில துறைமுகம் கட்டினதுக்கு அப்புறம் ஊருக்கு நேரா இருந்த மணல் காணாம போனதும் இப்படித்தான். அறிக்கைல "பாதிப்பு மிகக் குறைவு"ன்னு இருந்தா, எத்தன மீட்டர், எந்த ஊர், எத்தன வருஷத்துல, அதுக்கு பணம் யார் குடுப்பாங்கன்னு கேளுங்க. தோண்டற மண்ண எங்க கொட்டுவாங்க, கப்பல் வர்ற வழில படகு போக விடுவாங்களா, சுத்தி போக ஒரு நாளைக்கு எத்தன லிட்டர் டீசல் கூடும்னும் கேளுங்க. இத்தனையும் கேள்வியா, நம்பர் போட்டு, எழுத்துல குடுங்க, ரெண்டு நகல் எடுத்து ஒண்ணுல சீல் வாங்கிடுங்க. வெளியூர்ல இருக்கிறவங்களும் கூட்டத்துக்கு முன்னாடி எழுதி அனுப்பலாம்.

வேலை, காசு வாங்கிக்கலாம்னு சொல்றவங்கள துரோகின்னு யாரும் சொல்ல வேணாம், தொழில் சுருங்கி போன வீட்டுக்குத்தான் அந்த வலி தெரியும். அவங்களும் அதே மேடைல கேக்கட்டும், எத்தன வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா, என்ன படிப்பு வேணும்னு. அங்க குடுத்த வாக்குறுதிய சுற்றுச்சூழல் மேலாண்மை திட்டத்துல சேக்கணும்னு 2020 செப்டம்பர்ல அமைச்சகம் சுற்றறிக்கை போட்டிருக்கு. சேந்துட்டா வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூனும் டிசம்பரும், நிறைவேத்துனாங்களான்னு அறிக்கை குடுத்தாகணும். டீக்கடைல சொன்ன வேலைக்கு எந்த அறிக்கையும் வராது. அந்த வெத்து தாள் கையெழுத்து மட்டும் வேணவே வேணாம். ஏற்கனவே போட்டவங்க இருந்தா, எதுவும் எழுதாத தாள்ல கையெழுத்து வாங்கினாங்க, அது எங்க சம்மதம் இல்லன்னு பேரோட கலெக்டருக்கு ஒரு மனு உடனே போகணும்.

கோர்ட்டுக்கு எப்ப போகலாம்

இப்பவே ஐகோர்ட் போகலாமான்னு கேட்டிருக்கீங்க. சுற்றுச்சூழல் அனுமதியே இன்னும் குடுக்காதப்ப பெரும்பாலும் "சீக்கிரம் வந்துட்டீங்க"ன்னு திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம். நோட்டீஸ் நாள் குறைஞ்சது மாதிரி நடைமுறைல பெரிய குறை இருந்தா விஷயம் வேற. அனுமதி குடுத்துட்டாங்கன்னா சென்னைல இருக்கிற தேசிய பசுமை தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வுல அப்பீல், 30 நாளுக்குள்ள, நல்ல காரணம் காட்டினா இன்னும் 60 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட தீர்ப்பாயத்தால மன்னிக்க முடியாது. எத்தனையோ நல்ல வழக்கு இந்த 90 நாள தாண்டினதாலயே உள்ள போகாமலே செத்திருக்கு. அதனால கூட்டம் முடிஞ்சதும் ஊர்ல படிச்ச ரெண்டு பேர் வாரா வாரம் பரிவேஷ்ல அந்த ஃபைல பாக்கணும்னு முறை வச்சுக்கோங்க.

ஜெயிச்சா என்ன கிடைக்கும்னும் உண்மைய சொல்லிடறேன். கோவால மோபா விமான நிலைய வழக்குல, கம்பெனி சில தகவல மறைச்சதுன்னு 2019 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் அனுமதிய நிறுத்தி வச்சு மறுபடி ஆய்வு பண்ண சொன்னது, 2020 ஜனவரில கூடுதல் நிபந்தனையோட தடை விலகிடுச்சு. நம்ம காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரில வச்சிருந்த கூட்டம் தள்ளிப்போச்சு, 2023ல மறுபடி வச்சாங்க, அதுவும் தள்ளிப்போச்சு. ஆக முழுசா நிக்கலாம், சுருங்கலாம், இடம் மாறலாம், நிபந்தனையோட வரவும் வரலாம். இதுல எது நடக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், அப்படி குடுக்கிற வக்கீல நம்பாதீங்க.

உங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. நீங்கதான் முன்னாடி நிக்கறீங்கன்னா கேஸ் விழற ஆபத்தும் உங்க மேலதான். போராட்டம் உங்க உரிமை, ஆனா தடை உத்தரவு இருக்கிற நாள்ல ரோட்டுல உக்காந்தா எஃப்ஐஆர்ல மொதல் பேர் படிச்ச பையனோடதா இருக்கும், பாஸ்போர்ட்டு, அரசு வேலைன்னு வரும்போது அது வந்து நிக்கும். மனு எல்லாத்துலயும் ஊர் பேர்ல, பத்து பதினஞ்சு பேர் கையெழுத்தோட போங்க, யாராவது மிரட்டினா அன்னைக்கே எழுத்துல புகார் குடுங்க.

ஊர் பஞ்சாயத்துல பொம்பளைங்க உக்கார்ற வழக்கம் இல்லன்னு எழுதியிருந்தீங்க. இந்த கூட்டம் ஊர் பஞ்சாயத்து இல்ல தம்பி, யார் வேணா எந்திரிச்சு பேசலாம். அம்மா எந்த எந்த ஊருக்கு கூடை தூக்கிட்டு போறாங்க, எந்த மாசம் எந்த மீன் விக்குது, ஒரு நாளைக்கு கைல என்ன நிக்குதுன்னு இன்னைக்கு ராத்திரி அவங்கள பேசச் சொல்லி போன்ல பதிவு பண்ணுங்க, அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்க. மனுவா எப்படி அடுக்கறதுன்னு நான் பாத்து ஒரு வாரத்துல திருப்பி அனுப்பறேன், கூட்டத்துல அவங்களே அத வாசிக்கட்டும்.